துப்பாக்கிக்கு முகம் தெரியுமா?

சில நாட்களுக்கு முன்னால், கொங்கு நாட்டிலுள்ள நண்பர் ஒருவரின் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தோம். ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளித் தென்னந்தோப்புக்கு நடுவே அமைந்த வீடு. பகலில் அங்கே உட்கார்ந்தால், சொர்க்கம் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். இரவு எட்டு மணிக்கு மேல் அந்தக் கேள்வி எழாது. நண்பருக்குப் பிராயம் 68. அவருடைய மனைவிக்கு 63. ஒரே பிள்ளைக்குப் பெங்களூரில் உத்தியோகம். ஆகவே இரவில் அந்தத் தோப்புக்குக் காவல், இரண்டு வயோதிகர்களும் ஒரு நாயுந்தான். அந்த நாயும் கிழம்.

காபி அருந்தியானதும் நண்பர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாமென்று உத்தேசம். எது நல்லது? அதற்கு எந்தத் தோட்டா? பத்திரிகைக்காரருக்குத் தெரியாத விஷயம் உண்டா?" என்று கேட்டார்.

சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று அது. 2024-ஆம் ஆண்டிலும் 2025-ஆம் ஆண்டிலும் அந்தப் பிரதேசத்துத் தோட்டத்து வீடுகளில் தனித்து வசித்த முதியவர்கள் கொள்ளைக்காகக் கொல்லப்பட்டதை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். நண்பரின் அச்சம் வெறும் பிரமை அல்ல. எனவே நாம் அறிந்தவற்றை ஒளிக்காமல் அவருக்குச் சொன்னோம். அதையே நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

ஓர் உரிமையின் கதை

ஆயுதம் வைத்துக்கொள்ளும் விஷயம் நமது தேச சரித்திரத்தோடு பின்னிக் கிடப்பது. 1878-ஆம் வருஷத்தில், லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் ஒன்று பிறந்தது. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கலாகாது; ஐரோப்பியனுக்கோ அந்தத் தொல்லை கிடையாது. சொந்த நாட்டில் சொந்த வீட்டைக் காத்துக்கொள்ளத் தகுதியற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டதை நம் பெரியோர்கள் மறக்கவில்லை. 1930-ஆம் வருஷத்தில், உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன், காந்தி மகான் வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்ஸா மூர்த்தியா இப்படிக் கேட்டார் என்று வியக்க வேண்டாம். ஆயுதத்தைப் பறிகொடுத்தவன் எடுக்காமல் இருப்பது அஹிம்ஸை ஆகாது. எடுக்கக் கூடியவன் எடுக்காமல் இருப்பதே அஹிம்ஸை. 1931-ஆம் வருஷத்துக் கராச்சி காங்கிரஸும் தன் உரிமைத் தீர்மானத்தில் ஆயுத உரிமையைச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் சுதந்திரம் வந்த பிறகு நடந்தது என்ன? 1948 ஜனவரி 30-ஆம் தேதி, பிரார்த்தனைக்கு நடந்து சென்ற அந்த மகானை, ஒருவன் உடையில் மறைத்துக் கொண்டுவந்த கைத்துப்பாக்கியே மாய்த்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்க வேண்டுமென்று அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ காமத் திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. பின்னர் 1959-ஆம் வருஷத்துச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தில் வந்தது. இன இழிவு ஒழிந்தது, லைசென்ஸ் நிலைத்தது. அது சரியே என்பது நமது அபிப்பிராயம்.

லைசென்ஸ் பெறும் வழி

21 வயது நிரம்பியவர் விண்ணப்பிக்கலாம். ஜில்லாக்களில் கலெக்டரும், பெரிய நகரங்களில் போலீஸ் கமிஷனரும் லைசென்ஸ் வழங்குகிறார்கள். போலீஸ் விசாரணை நடக்கும். 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின், ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. லைசென்ஸின் ஆயுள் ஐந்து வருஷம். தேர்தல் காலத்தில் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். "அந்த நாட்களில் திருடன் வந்தால்?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். துப்பாக்கி ஒன்றையே நம்பி வீட்டைக் கட்டக் கூடாது என்பதற்கு அதுவே முதல் காரணம்.

தற்காப்பு உரிமைக்கு எல்லையும் உண்டு. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதையும், அதற்கு முந்திய தண்டனைச் சட்டத்தைப் போலவே, காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது என்கிறது. இரவில் வீடு உடைத்து உள்ளே புகுபவன் விஷயம் வேறு. மாங்காய் திருடிவிட்டு ஓடுகிறவன் விஷயம் வேறு. ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு, "தற்காப்பு" என்று சொன்னால் எந்தக் கோர்ட்டும் எளிதில் நம்பாது.

ரிவால்வரா, பிஸ்டலா?

சேனையும் போலீஸும் வழங்கும் 9 மில்லி மீட்டர், .38, .45 முதலிய அளவுகள் பொதுவாகச் சாதாரணப் பிரஜைகளுக்குத் தடை செய்யப்பட்டவை. நமக்கு வழக்கமாகக் கிடைப்பது .32 அளவு. இதில் இரண்டு ஜாதிகள் உண்டு.

ரிவால்வரில் ஆறு அறைகள் கொண்ட உருளை சுழலும். விசையை இழுக்க இழுக்க, அடுத்த அடுத்த தோட்டா குழாய்க்கு நேரே வரும். கான்பூர் சர்க்கார் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், பழைய வெப்ளியின் வம்சம். அதே ஊரில் 2014-இல், ஸ்திரீகளின் கைப்பையில் அடங்க வேண்டுமென்று, "நிர்பீக்" என்ற ரிவால்வரை டைட்டானியக் கலப்பு உலோகத்தில் செய்தார்கள். எடை சுமார் 500 கிராம். அப்போதைய விலை 1,22,000 ரூபாய்க்கு மேல். 2023-இல் "பிரபல்" வந்தது. அதன் எடை சுமார் 700 கிராம்; உருளை பக்கவாட்டில் வெளியே திறக்கும்.

பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசீனில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் மேல்பாகம் தானே பின்னுக்குச் சென்று, அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடும். வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலை செய்த "அசனி" இந்த ஜாதி.

எது மேல்? பிஸ்டல் மெல்லியது, விசையும் பெரும்பாலும் இலேசு. ஆனால் தோட்டா சிக்கிக்கொண்டால், இருட்டில், நடுங்கும் கையால் அதை விடுவிக்கத் தெரிய வேண்டும். அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. மேகசீனை உருவிவிட்டு, "காலி" என்று நினைத்துக்கொள்வார்கள். அறைக்குள் ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். "காலித் துப்பாக்கி" கொன்ற உயிர்கள் பல. ரிவால்வரில் உருளையைத் திறந்தால் ஆறு அறையும் கண்ணுக்குத் தெரியும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்துவிடும். விசை கனமாயிருப்பதே அதன் குறை. எப்பொழுதோ ஒரு முறை எடுக்கப் போகும் குடும்பஸ்தருக்கு ரிவால்வரே ஏற்றது என்று நண்பரிடம் சொன்னோம்.

எடை விஷயத்திலும் ஏமாறக் கூடாது. இலேசான துப்பாக்கி தூக்கிச் செல்லச் சுகம். சுடும்போது கையை உதைக்கும் உதை அதிகம். பிடி உள்ளங்கையில் நிறைய வேண்டும். மணிக்கட்டு வளையாமல் விரல் நுனி விசையை எட்ட வேண்டும். வாங்குமுன் வெறும் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கணவன் கைக்கு ஏற்றது மனைவியின் கைக்கு ஏற்றதாயிராது; அன்றியும் லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கே துப்பாக்கி சொந்தம்.

தோட்டா விஷயம்

".32" என்ற எண்ணைப் பார்த்துத் தோட்டா வாங்கலாகாது. ரிவால்வருக்கு உரியது ஸ்மித் அண்டு வெஸ்ஸன் லாங் என்ற நீண்ட, அடியில் விளிம்புள்ள தோட்டா. பிஸ்டலுக்கு உரியது 7.65 மில்லி மீட்டர் குட்டைத் தோட்டா. எண் ஒன்று; இனம் வேறு. ஒன்றை மற்றொன்றில் போட்டுப் பரீட்சை செய்யக் கூடாது. துப்பாக்கிக் குழாயில் பொறித்துள்ள பெயரும் தோட்டாப் பெட்டியிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

குண்டின் முனையிலும் பேதம் உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் 1890-களில் ஆங்கிலேயர் ஒரு குண்டு செய்தார்கள். அதன் முனை மெத்தென்று இருக்கும். உடம்பில் பட்டதும் விரிந்து பெரும் புண் உண்டாக்கும். 1899-இல் ஹேக் நகரில் கூடிய மகாநாட்டில், விரியும் குண்டுகளை யுத்தத்தில் வழங்கலாகாது என்று பிரகடனம் செய்தார்கள். எனினும் பல நாடுகளின் போலீஸார் முனை குழிந்த விரியும் குண்டுகளை வைத்திருக்கிறார்கள். எதிரியைத் துளைத்துச் சென்று பின்னால் நிற்கும் நிரபராதியைத் தாக்காமல் உடம்பிலேயே தங்கிவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். இங்கே லைசென்ஸ்தாரருக்கு வழக்கமாகக் கிடைப்பது, உருண்டை முனையுள்ள ஈயக் குண்டு அல்லது உலோக உறையிட்ட குண்டு. அது மரக் கதவையும் பலகைத் தடுப்பையும் துளைத்துக்கொண்டு போய்விடும். கதவுக்கு அப்பால் யார் படுத்திருக்கிறார்கள் என்பதை அது விசாரிக்காது.

தோட்டாவுக்கு ஈரமும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. பச்சைக் களிம்பு ஏறியதைத் துப்பாக்கியில் போடக் கூடாது. பயிற்சியின்போது தோட்டா வெடிக்காவிட்டால், உடனே திறந்து பார்க்காமல், குழாயைப் பத்திரமான திசையில் நீட்டியபடியே அரை நிமிஷமாவது பொறுத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிப்பதும் உண்டு. வருஷம் சில தடவையாவது சுடும் பயிற்சிக் களத்துக்குப் போகாதவர் துப்பாக்கி வைத்திருப்பது, நீச்சல் தெரியாதவர் படகு வைத்திருப்பதற்குச் சமானம்.

இவ்வளவையும் கேட்ட நண்பர், "ரிவால்வரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாமா?" என்றார். கூடவே கூடாது என்றோம். பூட்டிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கி. வேறு பூட்டில் தோட்டா. விடுமுறைக்கு வரும் பேரக் குழந்தைக்கு ஐந்து வயது. அந்த வயதுக்கு எட்டாத அலமாரி உலகத்தில் இல்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் மாளும் உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதையும் சொன்னோம். வெளியிலிருந்து வரும் எதிரிக்காக வாங்கும் ஆயுதம், வீட்டுக்குள் ஒருவருக்கு மனம் இருண்டுபோகும் வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

அம்மையாரின் கேள்வி

இவ்வளவு நேரமும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நண்பரின் மனைவி தலை நிமிர்ந்தார்.

"ஏனுங்க அண்ணா, ஒன்று கேட்கிறேன். போன தீபாவளிக்குப் பையன் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூரிலிருந்து வந்துவிட்டான். ராத்திரி இரண்டு மணி. எங்களை எழுப்ப வேண்டாமென்று பின்பக்கக் கதவைத் தள்ளியிருக்கிறான். இவர் அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். கையில் அரிவாள் இருந்ததனால், ஓங்குவதற்குக் கிட்டப் போக வேண்டியிருந்தது. கிட்டப் போனதனால் முகம் தெரிந்தது. துப்பாக்கியாக இருந்தால் எப்படி?"

நண்பர் தரையைப் பார்த்தார். நாமும் சற்று நேரம் பேசவில்லை. நாம் சொல்லிவந்த அளவும் எடையும் விலையும் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் சிறுத்துப் போய்விட்டன. கைத்துப்பாக்கியின் பலமெல்லாம் தூரத்திலிருந்தே காரியத்தை முடித்துவிடலாம் என்பதில் இருக்கிறது. அதன் பாபமும் அங்கேதான் இருக்கிறது. ஓங்கிய அரிவாளைத் தாழ்த்திவிடலாம். சுட்ட குண்டைத் திரும்ப அழைக்க முடியாது. ஆகவே, யார் என்று கண்ணால் கண்டு நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் விசையில் விரல் வைக்காதவரே துப்பாக்கி வாங்கத் தகுந்தவர். துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்குமுன், அதைப் பிடிக்கும் மனிதரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

முடிவில் நண்பர் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். முதலில் வாசலுக்கும் பின்கட்டுக்கும் இரும்புக் கிராதி; தோப்பைச் சுற்றிலும் விளக்கு; அடுத்த தோட்டத்தாருக்குக் கேட்கும்படி ஓர் அபாயச் சங்கு; கிழ நாய்க்குத் துணையாக ஓர் இளம் நாய்; படுக்கை அருகே பலமான டார்ச் விளக்கு. இவையெல்லாம் ஆன பிறகு பயிற்சிக்குப் போவது. பயிற்சி முடிந்த பிறகும் வேண்டுமென்று தோன்றினால் லைசென்ஸுக்கு எழுதிப் போடுவது. அந்த உரிமையைக் கேட்டுப் பெறும் தகுதி நம் ஜனங்களுக்கு உண்டு. வேண்டாமென்று வைக்கும் தகுதியும் உண்டு.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் மறுபடி போக நேர்ந்தது. விடைபெற்றுக்கொண்டு தோப்பு வாசல் வரையில் வந்த பிறகு, குடையை மறந்துவிட்டது நினைவுக்கு வந்து, இருட்டில் திரும்பி நடந்தோம். புது நாய் குரைத்தது. திடீரென்று நம் முகத்தில் வெளிச்சம் விழுந்து கண் கூசிற்று.

"நீங்கள்தானா? பார்த்துக்கொண்டேன்" என்றார் நண்பர், டார்ச்சைத் தாழ்த்தியபடியே. அவருடைய மற்றொரு கையில் நம் குடை இருந்தது.