மூன்று விநாடி தரும் மனப்பயிற்சி

விளையாட்டு உடலுக்கு நல்லது என்பதை மறுப்பார் இல்லை. அது மனத்துக்கு என்ன செய்கிறது என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. எமது பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் விரும்பி ஆடும் வலைப்பந்தாட்டத்தைக் கொண்டே இதனை விளங்கிக்கொள்ளலாம்.

வலைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு 7 பேர். பந்தைப் பிடித்தவர் 3 விநாடிக்குள் அதனை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும், அல்லது கோலுக்கு எறிய வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கோல் போடக்கூடியவர்கள் இருவர் மட்டுமே. ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டக் கூடாது.

இவ்விதிகளுக்குள்ளேயே மனப்பயிற்சி அடங்கியிருக்கிறது. கைதவறிய பந்தை எண்ணி வருந்திக்கொண்டிருந்தால் அடுத்த பந்தும் தவறிவிடும். எனவே பதற்றத்தை அடக்கவும், உடனே முடிவெடுக்கவும், தோழியை நம்பிப் பந்தை ஒப்படைக்கவும் மனம் பழகிக்கொள்கிறது. பரீட்சை மண்டபத்தில் ஒரு கேள்வி தவறினாலும் கலங்காமல் அடுத்ததைத் தொடங்குவதற்கு வேண்டியதும் இந்தப் பழக்கம்தான்.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தை நாம் அறிவோம். அவர் ஆடிய இலங்கை அணி, 2018 இல் சிங்கப்பூரில் நடைபெற்ற ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் சிங்கப்பூரை 69–50 என வென்று, 9 ஆண்டுகளின் பின் சம்பியனானது. 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்களுடன் அவரே முதலிடம் பெற்றார். பலரும் அவரது உயரத்தையே பேசினர். ஆனால் கோல் சூட்டர் மைதானத்தின் மூன்றிலொரு பகுதியை விட்டு வெளியேற முடியாது. பந்து மற்றவர்களின் கைகளைக் கடந்துதான் அவரிடம் வர வேண்டும். அந்த அணியில் பெரும்பாலானோர் சிங்களச் சகோதரிகள். மூவினத்தாரும் வாழும் திருகோணமலையில் இருக்கும் நமக்கு, இந்த நம்பிக்கையின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. கரைவலை இழுப்போரைப் பாருங்கள்: கயிற்றைப் பிடித்த எல்லோரும் ஒன்றாக இழுத்தால்தான் வலை கரை சேரும்.

தோல்வியும் ஒரு பாடமே. அணியில் தோல்வியின் பாரம் ஒருவர் தலையில் மட்டும் விழுவதில்லை. பகிர்ந்துகொள்ளத் தோழியர் இருக்கிறார்கள். ஆனால் மைதானத்தின் ஓரத்தில் நின்று, “உன்னால்தான் தோற்றோம்” என்று பெரியவர் ஒருவர் சத்தமிட்டால் அந்த நன்மை போய்விடும். பந்தைக் கேட்கவே அஞ்சும் பிள்ளை, நாளடைவில் விளையாடவே வரமாட்டாள். “இன்று எது நன்றாக அமைந்தது?” என்று கேட்டுப் பாருங்கள், அவளே தன் குறையையும் சேர்த்துச் சொல்வாள்.

5 முதல் 17 வயதுவரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது மனச்சோர்வையும் பதகளிப்பையும் குறைக்கும் என்றும் அது குறிப்பிடுகிறது. குழுவாக ஆடும்போது தனிமையும் விலகுகிறது. வேலை முடிந்து மாலையில் காற்பந்தாடும் தந்தையருக்கு இது தெரியும். பாடசாலையோடு பந்தை விட்டுவிட்ட தாய்மாருக்குத்தான் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

உயர்தர வகுப்புக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் கைவிடுவது விளையாட்டைத்தான். மனச்சுமை கூடும் காலத்தில் அதை இறக்கிவைக்கும் இடத்தையே மூடிவிடுகிறோம். பெற்றோரே, பிரத்தியேக வகுப்புகளின் நேரசூசியில் வாரத்துக்கு இரண்டு மாலைகளையாவது விளையாட்டுக்கென ஒதுக்கித் தாருங்கள். முடிந்தால் உம்மாமாரும் எங்களோடு மைதானத்துக்கு வாருங்கள்.