பானபாத்திரக்காரன்: பட்டமும் பணியும்

நெகேமியா தம் நூலின் முதல் அதிகாரத்தை முடிக்கையில், தாம் ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாயிருந்ததைக் குறிப்பிடுகிறார். இதனை நாம் பெரும்பாலும் திராட்சரசம் பரிமாறும் வேலையாளின் பணியென்றே கொள்ளுகிறோம். தாழ்ந்த நிலையிலிருந்த ஒருவரைத் தேவன் உயர்த்தினார் என்று பிரசங்கமும் செய்கிறோம். இவ்விளக்கம் பொருந்துமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

எபிரெயத்தில் இப்பட்டம் ‘மஷ்கே’ என்பதாகும். ‘குடிக்கக் கொடுப்பவன்’ என்பது இதன் பொருள். ஆதியாகமம் 40ஆம் அதிகாரத்தில் பார்வோனின் ஊழியக்காரனுக்கும் இச்சொல்லே வழங்குகிறது. இதற்கு இனமான அக்காதியச் சொல் ‘ரப்சாக்கே’ என்பதில் அமைந்துள்ளது. நம் வேதாகமம் இதனை ஒலிபெயர்த்துத் தருவதால், இதை ஒரு மனிதனின் பெயரென்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் இது ‘பானபாத்திரக்காரரின் தலைவன்’ எனப் பொருள்படும் பதவிப்பெயர். அசீரிய அரசின் மிக உயர்ந்த பதவிகளுள் ஒன்று. கி.மு. 701இல் எருசலேமின் மதிலருகே நின்று, யூதபாஷையிலேயே ஜனங்களை அச்சுறுத்தியவன் இப்பதவியை வகித்தவனே.

இப்பணிக்கு இத்துணை மதிப்பு ஏன்? அரசர்கள் நஞ்சுக்கு அஞ்சி வாழ்ந்தனர். மேதிய அரசவையில் பானபாத்திரக்காரர் கிண்ணத்தை நீட்டுகையில், அதில் சிறிதளவு எடுத்துத் தம் இடக்கையில் ஊற்றிப் பருகுவர் எனக் கிரேக்க ஆசிரியர் செனபோன் எழுதுகிறார். தீங்கு வருமாயின் அது முதலில் அவரையே சேரும். ஆகவே அரசனின் முழு நம்பிக்கைக்குரியவரே இப்பணியில் அமர்த்தப்பட்டனர்.

கி.மு. 445இல் அர்தசஷ்டாவின் முன் துக்கமுகத்துடன் நின்ற நெகேமியா மிகவும் பயந்ததின் காரணம் இங்கே விளங்குகிறது. கிண்ணம் ஏந்துபவனின் முகவாட்டம் அரசனுக்குச் சந்தேகம் விளைவிக்கக்கூடும். மேலும், எஸ்றா 4ஆம் அதிகாரத்தின்படி, எருசலேமின் கட்டுமானத்தை நிறுத்தக் கட்டளையிட்டவனும் அர்தசஷ்டாவே. அக்கட்டளைக்கு மாறாகவே நெகேமியா விண்ணப்பஞ்செய்தார்.

ஆதலால், நெகேமியா தாழ்விலிருந்து உயர்த்தப்பட்டவர் என்பதைவிட, அரண்மனையினின்று இடிபாடுகளுக்கு இறங்கிவந்தவர் என்பதே தகும். பின்னர் 12 ஆண்டுகள் அதிபதிக்குரிய படியையும் அவர் வாங்கவில்லை. ஒரே நகரத்தின் மதிலண்டை இரு பானபாத்திரக்காரரை வேதம் நமக்குக் காட்டுகிறது. ஒருவன் அரசனிடம் தனக்கிருந்த நெருக்கத்தை நகரை அச்சுறுத்தப் பயன்படுத்தினான். மற்றவர் அதனை நகரைக் கட்டுவதற்குப் பணயம் வைத்தார். அதிகாரத்தில் உள்ளோரிடம் நமக்குச் செல்வாக்கு உண்டாகும்போது, அதை யாருக்காகப் பயன்படுத்துகிறோம் என்னும் கேள்வி திருப்பணியாளராகிய நம்மையும் சாரும்.