பத்தாம் வகுப்புச் சான்றிதழும் வெளிநாட்டு வேலையும்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை நாம் பெரும்பாலும் அடுத்த படிப்பில் சேர்வதற்கான தாளாகவே பார்க்கிறோம். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு அதன் இன்னொரு பயன் தெரிந்திருக்கும். நம் மாணவர்களில் கணிசமானோர் இருபது, இருபத்திரண்டு வயதில் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறார்கள். அப்போது அவர்களுக்கு எந்த வகைப் பாஸ்போர்ட் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தச் சான்றிதழ்தான்.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெறாத ஒருவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ‘குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை’ என்ற குறிப்பு அச்சிடப்படும். மக்கள் வழக்கில் இது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குச் செல்லும்முன் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதியைப் பெற வேண்டும். தமிழகத்தில் அந்த அலுவலகம் சென்னையில் உள்ளது. சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை. பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றவர்களுக்கும், 50 வயதைக் கடந்தவர்களுக்கும், வருமான வரி செலுத்துபவர்களுக்கும் இந்த அனுமதி தேவையில்லை.

ஈ.சி.ஆர். குறிப்பை ஊரில் ஒரு குறையாகவே பேசுகிறார்கள். ‘முத்திரை விழுந்துவிட்டது’ என்று வருந்துகிறார்கள். உண்மையில் அது தண்டனை அல்ல. அனுமதி கேட்டு வருபவரின் வேலை ஒப்பந்தம், சம்பளம், அனுப்பும் முகவர் பதிவு பெற்றவரா என்பதெல்லாம் அங்கே பார்க்கப்படுகின்றன. பத்து லட்சம் ரூபாய்க்கான விபத்துக் காப்பீடும் அவருக்குக் கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு அதற்கான பிரீமியம் 275 ரூபாய்தான். தேர்ச்சி பெற்றவருக்கு இந்தச் சோதனைகள் எதுவும் இல்லை. அவர் விரும்பினால் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம், கட்டாயமில்லை. அதாவது, படித்தவர் தன் ஒப்பந்தத்தைத் தானே படித்துக்கொள்வார் என்று சட்டம் நம்புகிறது. நம்மிடம் படித்தவர்கள் அப்படிப் படிக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

2022இல் நடந்தது இதற்கு ஒரு சான்று. தாய்லாந்தில் கணினி சார்ந்த வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடி பகுதியில் இணைய மோசடி நிறுவனங்களில் அடைக்கப்பட்டார்கள். தமிழக இளைஞர்களும் அவர்களில் இருந்தனர்; ஒரு பகுதியினர் அந்த ஆண்டு அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினர். அந்த மோசடிக் கும்பல்கள் தேடியது எழுதப் படிக்கத் தெரியாதவர்களை அல்ல. ஆங்கிலமும் கணினியும் தெரிந்த இளைஞர்களைத்தான்.

ஆகவே ஒப்பந்தம் படிப்பதை வகுப்பறைக்குள் கொண்டுவரலாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் படிவம் நிரப்புவதும் கடிதம் எழுதுவதும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றோடு ஒரு பக்க மாதிரி ஒப்பந்தத்தைக் கொடுத்து, முதலாளி யார், வேலை என்ன, எந்த ஊர், எத்தனை மணி நேரம், தங்குமிடம் யார் பொறுப்பு, திரும்பி வரும் டிக்கெட் யார் தருவது என்று தேடச் சொல்லுங்கள். கணக்கு ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அமீரகத்தில் இருவருக்கும் மாதம் 1,500 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 1,200, மீதி படிகள். மற்றவருக்கு அடிப்படை 700, மீதி படிகள். கையில் வாங்கும் தொகை ஒன்றுதான். ஆனால் அந்நாட்டுச் சட்டப்படி பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். முதலாமவருக்கு ஆண்டுக்கு 840 திர்ஹம், இரண்டாமவருக்கு 490. ஐந்து ஆண்டுகள் முடிந்தால் வித்தியாசம் 1,750 திர்ஹம். கூடுதல் நேர ஊதியமும் அடிப்படையை வைத்தே கணக்கிடப்படுகிறது. லாப நட்டக் கணக்கில் மாம்பழக் கூடைகளையே எத்தனை காலம் விற்றுக்கொண்டிருப்பது?

முகவர்களைப் பற்றியும் சொல்லித்தர வேண்டும். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியிலேயே மாணவர்கள் தேடிப் பார்க்கலாம். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. தனி. ஊரில் லட்சக்கணக்கில் கைமாறுவது நமக்குத் தெரியும். துணை முகவர் என்ற ஒருவரைச் சட்டம் ஏற்பதே இல்லை. நமக்குத் தெரிந்த ஊர்க்காரராக இருந்தாலும் அப்படித்தான். ‘முதலில் விசிட் விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் பெயரைப் பல பெற்றோர் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்கள் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும் நம் மாணவிகளும் அவர்களின் தாய்மார்களும் அறிந்திருப்பது நல்லது.

இனி, முழுக்க நம் கையில் இருக்கும் ஒன்று: பெயர்.

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, தலைப்பெழுத்துதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். பலர் இரண்டாவதைக் காலியாக விட்டுவிட்டார்கள். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா, விசிட் விசாக்களில் அனுமதியில்லை என்று அறிவித்தபோது நம் ஊர்களில் ஏற்பட்ட கலக்கம் கொஞ்சமல்ல. ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால், பிறப்புச் சான்றிதழில் பின்னால், பள்ளிப் பதிவேட்டில் தந்தை பெயரின் ஆங்கில எழுத்துகள் வேறு என்று இருந்தால், ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பொதுத்தேர்வுச் சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்தம் பெற ஆகும் அலைச்சலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அதனால் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாராகும் நாள்களில் மாணவரிடம் மட்டும் ‘சரியா?’ என்று கேட்டு ஒப்பம் வாங்குவது போதாது. பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் கொண்டுவரச் சொல்லி, பெற்றோர் ஒருவரையும் உட்கார வைத்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட வேண்டும். முப்பது பேர் வகுப்புக்கு இரண்டு பாடவேளை ஆகும், ஆகட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவையோ அண்ணனையோ கைபேசியில் அழைத்துக் கேட்கலாம். அவர்களுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே எமிஸ் பதிவைச் சரிபார்த்துவிட்டால் பத்தாம் வகுப்பில் பாதி வேலை மிச்சம்.

சான்றிதழ் வழங்கும் நாளில் சொல்ல வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. ‘பத்திரமாக லேமினேஷன் செய்து வைத்துக்கொள்’ என்று அறிவுரை கூறுவது நம்மில் பலருடைய வழக்கம். பட்டயம், பட்டம் வைத்து வேலைக்குச் செல்பவர்களின் சான்றிதழ்களுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், சில நாடுகளுக்கு அவற்றின் தூதரகம் என வரிசையாகச் சான்றொப்பம் பெற வேண்டியிருக்கிறது. அந்த முத்திரைகள் விழுவது பெரும்பாலும் தாளின் பின்பக்கத்தில். லேமினேஷன் செய்த தாளில் முத்திரை பதியாது. பிரிக்கப்போனால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கோப்பு இருபது முப்பது ரூபாய்க்கே கிடைக்கிறது. அதில் வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.