பால் தீய்ந்து மூன்று நாளாயிற்று

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில், போன மார்கழியில் ஒரு காலை ஏழு மணிக்குக் கடைசிப் போர்ஷனிலிருந்து புகை வந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த தம்பி அரை லிட்டர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, காய்வதற்குள் எழுந்துவிடலாம் என்று பாயில் சாய்ந்திருக்கிறான். சின்னத் தீயில் பால் பொங்காமலே சுண்டி, வற்றி, கரியாகிவிட்டது.

முதலில் ஓடிவந்தவர் கன்னடக்காரப் பாட்டி. "சீது ஹோய்து!" என்றார். எதிர் போர்ஷன் தெலுங்கு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு "மாடு வாசன" என்றார். தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்த தம்பி விருதுநகர்ப் பக்கத்துக்காரன். மாடு எங்கே என்று வாசலில் தேடினான். தெலுங்கில் 'மாடு' என்றால் தீய்தல் என்பது ஓசூருக்கு வந்து ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். அவன் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

பாத்திரத்தைத் தேய்த்தாயிற்று, தரையைத் துடைத்தாயிற்று. மூன்றாம் நாளும் வாடை போகவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியல அண்ணே, வர்றவங்கதான் சொல்றாங்க" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. எப்படி என்று பார்க்குமுன், பால் ஏன் தீய்கிறது என்று பார்த்துவிடலாம்.

பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அதன் வெப்பம் கொதிநிலையைத் தாண்டாது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. (மூடாத பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகிறது என்று கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அலுத்துக்கொள்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு.) பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான் என்றாலும், அடிப்பக்கத்தின் கதை வேறு. 70 டிகிரியைத் தாண்டும்போது பாலில் உள்ள மோர்ப்புரதங்கள் முறுக்கவிழ்ந்து, கால்சியம் உப்போடு சேர்ந்து பாத்திரத்தின் அடியில் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படலத்தைத் தாண்டிச் சூடு எளிதில் மேலே ஏற முடியாது. மேலே பால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அடி கருக ஆரம்பிக்கும். பால் ஊற்றுமுன் பாத்திரத்தை ஒரு சுற்று தண்ணீரில் அலசும் பழக்கம் இந்த ஒட்டலை ஓரளவு தள்ளிப்போடுகிறது.

தண்ணீர் வற்றியதும் வெப்பம் கிடுகிடுவென்று 200 டிகிரியைத் தாண்டும். சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் வினையைப் பிரான்ஸைச் சேர்ந்த லூயி கமில் மயார் 1912இல் விவரித்தார். தோசையின் முறுகலும் காப்பிக்கொட்டையின் வறுவாசமும் அதன் கைவண்ணம். அதே வினை எல்லை மீறினால் கருகல். எண்ணெய் தீய்ந்தால் அக்ரோலின் என்ற கண்ணெரிச்சல் சரக்கு கிளம்பும். ராகியின் உமித்தோலில் உள்ள ஃபெரூலிக் அமிலம் சூட்டில் உடைந்தால் குவாயகால் வகைப் பொருள்கள் வரும். புகைபோட்ட மணத்துக்கு அவையே காரணம். களிச்சட்டியின் காந்தலைச் சுரண்டித் தின்ன வீட்டில் ஒருவராவது காத்திருப்பதற்கும், அதையே இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் எல்லோரும் முகம் சுளிப்பதற்கும் இடையே இருப்பது அளவு மட்டும்தான்.

இந்தப் பொருள்கள் காற்றோடு போய்விடும் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. புகையில் இருப்பவை மைக்ரானுக்கும் சிறிய பிசுக்குத் துளிகள். அரை மைக்ரான் துளி ஒன்று அசையாத காற்றில் மணிக்கு நாலு சென்டிமீட்டர்கூட இறங்காது. ஐந்தடி உயரத்திலிருந்து தரைக்கு வர ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் மின்விசிறியைப் போட்டால் அடுக்களைப் புகை படுக்கைக்குப் போய்ச் சேரும். குளிர்ந்த சுவர், ஜன்னல் கண்ணாடி, திரைச்சீலை, போர்வை என்று எதில் பட்டாலும் படியும். படிந்தது அங்கேயே கிடக்காமல், வெயில் ஏறும்போது மெல்ல ஆவியாகி மறுபடி மூக்குக்கு வரும். வாடை மத்தியானத்தில் திரும்பி வருவது இதனால்தான்.

ஓசூர்க் குளிருக்கு மார்கழி, தை மாதங்களில் ஜன்னலைத் திறப்பவர்கள் குறைவு. சிப்காட் வந்த 1970களிலிருந்து கட்டப்பட்ட லைன் வீடுகள் பலவற்றில் திறக்க இருப்பதே ஒரு ஜன்னல்தான். புகை போக ஒரு வாசல் போதாது, காற்று வர இன்னொன்று வேண்டும். எல்லாவற்றையும் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிட்டால் அது சத்தம் போடுமே தவிர இழுக்காது. அறையின் கொள்ளளவுக்குச் சமமான புதுக்காற்று உள்ளே வந்தாலும் புகையில் 37 சதவீதம் மிச்சமிருக்கும், வருவது பழையதோடு கலந்துதானே வெளியேறுகிறது. மூன்று மடங்கு வந்தால் 5 சதவீதத்துக்கு இறங்கும். ஐந்து நிமிடம் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் குளிருகிறது என்று சாத்துவதால் பலனில்லை.

முதல் நிமிடத்தில் நாம் செய்வதும் பெரும்பாலும் தப்பு. காய்ந்து கிடக்கும் பாத்திரத்தில் சொய்யென்று தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவி, அடியில் இருக்கும் மணப்பொருள்களையும் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கப் பரவும். வாசனைத் தைலம் வடிப்பதும் இதே முறையில்தான். மூடிபோட்டு, துணி பிடித்து, பாத்திரத்தை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் ஆறவிடுவது மேல். எண்ணெய் தீப்பிடித்திருந்தால் தண்ணீர் பக்கமே போகக்கூடாது. கேஸை அணைத்து மூடியால் அமுக்க வேண்டும். ஆறிய பிறகு சமையல் சோடா போட்டுக் கொதிக்கவைத்தால் கரி இளகும். அலுமினியப் பாத்திரத்துக்குத் துணிசோடா வேண்டாம், அந்தக் காரம் பாத்திரத்தையே அரித்துக் கறுக்க வைக்கும்.

பால் பொங்கி அடுப்பே அணைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிவு தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். கருகல் நெடியில் அது அமுங்கிப்போகலாம். காற்றைவிட கனமான கேஸ் தரையோடு தேங்கும். சந்தேகம் வந்தால் ஃபேன் ஸ்விட்ச், லைட் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திறக்க வேண்டும்.

வைத்தியங்களுக்கு வருவோம். கன்னடக்காரப் பாட்டி சாம்பிராணி போட்டார். வீடு மணத்தது, ஆனால் புகை மேல் இன்னொரு புகை ஏறியது. தெலுங்கு அக்கா வினிகரைக் கொதிக்கவிட்டார். மீன் வாடைக்குக் காரணமான அமின்கள் காரத்தன்மை உள்ளவை என்பதால் வினிகரின் அமிலம் அவற்றைக் கட்டிப்போடும். கருகலில் உள்ள பொருள்கள் பெரும்பாலும் அந்த வகையில்லை. மூலையில் கிண்ணத்தில் வைக்கும் சோடா உப்பும் அப்படித்தான், தன்மேல் வந்து மோதுவதை மட்டுமே அதனால் பிடிக்க முடியும்.

வாடையைப் பிடிக்கக் கரி வைக்கலாம் என்றால், எந்தக் கரி என்று கேட்க வேண்டும். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் கொட்டாங்குச்சியைச் சுட்டு, பிறகு 800 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தித் துளைகளைத் திறந்துவிட்ட ஆக்டிவேட்டட் கார்பனில், ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ கால் ஏக்கர் பரப்பு மடிந்து கிடக்கிறது. வாடை மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்கரியில் அந்தத் துளைகள் பெரும்பாலும் அடைபட்டே இருக்கும். நல்ல கரியும் காற்று அதன் வழியே ஓடினால்தான் வேலை செய்யும், நிரம்பினால் மாற்றவும் வேண்டும். கடைசியில் பலிப்பது சலிப்பூட்டும் வேலைதான்: வெந்நீரில் சோப்பு கரைத்து மேடை, டைல்ஸ், அலமாரிக் கதவு எல்லாவற்றையும் பிசுக்குப் போகத் துடைப்பது, துணிகளை எல்லாம் துவைப்பது.

தம்பியின் மூக்கு விஷயம். மணத்தை உணரும் ஏற்பிகள் மனிதனிடம் ஏறத்தாழ 400 வகை. அவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்சலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே வாடை தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் ஏற்பியும் மூளையும் அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடும். புதிதாக வருவதைக் கவனிக்கத்தான் மூக்கு. அதனால் வாடை போய்விட்டதா என்பதற்கு வீட்டுக்காரர் சாட்சி செல்லாது; கால் மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வந்து மோந்து பார்க்க வேண்டும், இல்லையேல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும்.

அப்படித்தான் மூன்றாம் நாள் சாயங்காலம் பாட்டியைக் கூப்பிட்டோம். திரையைத் துவைத்திருந்தான், சுவரைத் துடைத்திருந்தான். பாட்டி வாசலில் நின்று ஒருமுறை மூச்சிழுத்து, உள்ளே வந்து, கதவைப் பாதி சாத்தினார். பின்பக்க ஆணியில் நைட் ஷிஃப்டுக்குப் போட்டுப்போகும் கம்பளி ஸ்வெட்டர் தொங்கியது. கம்பெனி பஸ்ஸில் இரண்டு நாளாகப் பக்கத்து சீட் ஏன் காலியாகவே வந்தது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்றைக்கு என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். இன்னும் திருப்பித் தரவில்லை.