வாசித்த வழியிலே – 17: கைமாறிச் செல்லும் புத்தகங்கள்

கூலாயிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை என் கைக்கு வந்து சேர்ந்தது. செனாயில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பதாகவும், தொழிற்சாலைப் பேருந்தில் போகவும் வரவும் கழிகிற நேரத்தில் இவ்விதழை அட்டை முதல் அட்டை வரை படித்துவிடுவதாகவும், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறிய பிறகு தமிழில் ஒரு முழுப் புத்தகம் படித்ததே இல்லை என்ற குறை இத்தொடரைப் படிக்கப் படிக்கத் தம் மனத்தை உறுத்துவதாகவும் விரிவாக எழுதியிருந்த அச்சகோதரி, இறுதியில் இரண்டே கேள்விகள் கேட்டிருந்தார். நீங்கள் இப்பொழுது என்ன புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? நான் என்ன புத்தகம் படிக்கலாம்? முதற் கேள்விக்கு அன்றைக்கே விடை எழுதியிருப்பேன். இரண்டாவது கேள்விக்கு எனக்கு நான்கு நாட்கள் வேண்டியிருந்தன.

என் மேஜையின்மேல் இப்பொழுது இருப்பது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இது நான்காம் முறை. சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்து, பதினெட்டாம் வயதில் கப்பலேறி மேடானுக்கு வந்து கடையில் வேலை பார்த்து, யுத்தம் முடிந்த மறு ஆண்டு தாயகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' அலுவலகத்தில் அமர்ந்துவிட்ட அம்மனிதர் தம் வாழ்நாளில் எழுதிய நாவல்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' 1959-இலும், இந்நூல் 1972-இலும் வெளிவந்தன. நம் பக்கத்து வாசகர் பலர் இந்நாவலை ஐம்பது பக்கத்தோடு மூடி வைத்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஏனெனில், பினாங்கிலும் மேடானிலும் வாழ்ந்த தமிழர் வாயில் புரண்ட மலாய்ச் சொற்கள் வருமிடத்தில், தமிழ்நாட்டு வாசகர் பொருள் விளங்காமல் தயங்கி நிற்கக்கூடும். சந்தையைப் 'பாசார்' என்றும் மலாய்க்காரர் குடியிருப்பைக் 'கம்பம்' என்றும் அன்றாடம் சொல்லிப் பழகிய நமக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. இந்த நாவலைப் படிக்கப் பிறவியிலேயே தகுதி பெற்றவர்கள் நாம் என்பது என் அபிப்பிராயம். கடினமான பக்கங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண் தடுக்கி விழுந்த இடத்தைக் காது எளிதாகக் கடந்துபோகும்.

அதன் அருகிலேயே மா. இளங்கண்ணனின் 'வைகறைப் பூக்கள்' இருக்கிறது. ஜொகூரில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த எழுத்தாளர் அவர். 1982-இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதும், 2005-இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கமும் பெற்றவர். ஜப்பானியர் காலத்தைச் சொல்லும் அந்நாவலைப் படிக்கும்போது, 1942 ஜனவரி 31-ஆம் தேதி பின்வாங்கிய பிரிட்டிஷ் சேனை வெடிவைத்துப் பிளந்த ஜொகூர்ப் பாலமும், அதன் இரு கரையிலும் பிரிந்து நின்ற குடும்பங்களும் என் கண்முன் வருகின்றன. இவ்வளவும் முதற் கேள்விக்கு விடை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பத்துப் புத்தகங்களின் பெயர்களை எழுதி அனுப்புவது ஐந்து நிமிட வேலை. அப்படி அனுப்பப்படும் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லாமற்போனதற்குக் காரணம், நான் வாசகனான விதம்.

ரெங்கத்திற்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வளர்ந்தேன். 'தமிழ் நேசன்' பத்திரிகை முதலில் பெரிய கிராணியார் வீட்டுக்கு வரும். அங்கிருந்து இரண்டு நாள் கழித்து முடிவெட்டும் கடைக்கு வரும். மூன்றாம் நாள் மாலை என் தந்தையாரின் கைக்கு வரும். பிரட்டுக்களத்தில் தொங்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் கீழே அவர் பலகைமேல் அமர்ந்து தொடர்கதையை உரக்கப் படிப்பார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள், மறுநாள் மரம் வெட்டுவதற்கு வேண்டிய உளியைத் தத்தம் கல்லில் தீட்டிக்கொண்டே கேட்பார்கள். கதையில் ஒரு கட்டம் நெருங்க நெருங்க, ஒவ்வொரு கல்லாக ஓசை அடங்கி, முடிவில் என் தந்தையாரின் குரலும் விளக்கின் இரைச்சலும் மட்டுமே கேட்கும். அவர் தாளை மடித்த பிறகு வாதம் ஆரம்பமாகும். அந்தப் பெண் அப்படிப் பேசியது சரியா, தகப்பன் செய்தது நியாயமா என்று, கையெழுத்துப் போடத் தெரியாமல் சம்பளப் புத்தகத்தில் பெருவிரல் ரேகை வைத்துவந்த அந்த மனிதர்கள் இரவு ஒன்பது மணி வரை வழக்காடுவார்கள். பொழுது விடியுமுன்னே எழுந்து வாளியும் காண்டாவும் தூக்க வேண்டியவர்கள் என்ற ஞாபகம் ஒருவருக்கும் இராது. ரசிகர் என்ற சொல்லை நான் கேள்விப்படும்போதெல்லாம் அந்த வட்டம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அதே காலத்தில் பத்திரிகை அலுவலகங்களிலும் இதற்கு ஒப்பான காரியங்கள் நடந்துகொண்டிருந்தன என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். ஜொகூர்ப் பாலம் திறக்கப்பட்ட அதே 1924-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் கி. நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1950-இல் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரைக்கொண்டு 'கதை வகுப்பு' என்ற ஒன்றை ஏட்டிலேயே நடத்தியது. எழுதப் பழகியவர்களுள் பலர் பின்னர் மலாயாத் தமிழ் இலக்கியத்தின் முதல் வரிசையில் நின்றார்கள். ஆனால், எனக்கு அதைவிட அருமையாகத் தோன்றுவது, ஐம்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர்த் 'தமிழ் முரசி'ல் சுப. நாராயணன் நடத்திய 'ரசனை வகுப்பு'. எழுதுவதற்கு மட்டுமல்ல, படிப்பதற்கும் பயிற்சி தேவை என்பதை ஒரு நாளேடு உணர்ந்து, அதற்கென்று இடம் ஒதுக்கிய செயல் அது. புதுமைப்பித்தனின் எழுத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்று அந்நாட்களில் நடந்த காரசாரமான வாதப்பிரதிவாதத்தையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். பிறகு 'நேசன்' ஆசிரியர் குழுவில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் 'இலக்கிய வட்டம்' கூட்டி, படித்ததைப் பற்றிப் பேசுவதை ஒரு பழக்கமாகவே ஆக்கிவிட்டுப் போனார். அப்பத்திரிகை 2019-இல் நின்றுபோனபோது, செய்தித்தாள் ஒன்று நின்றதாக மட்டும் நான் நினைக்கவில்லை. பிரட்டுக்களத்து விளக்கு ஒரு தரம் மீண்டும் அணைந்ததாகவே எனக்குப் பட்டது.

இன்று நம்மிடையே புத்தகம் வாங்கப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெளியீட்டு விழாக்களுக்குப் போய்வருகிற நேயர்கள் அறிவார்கள்: தலைமை தாங்கும் பிரமுகர் முதல் நூலைப் பெரும் தொகை கொடுத்துப் பெற்றுக்கொள்வார், பிறகு வந்தோர் வரிசையாக மேடையேறி, கடித உறையை நூலாசிரியரிடம் கொடுத்து நூலைப் பெற்று, புகைப்படத்துக்கு நின்று, மீகூனும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவார்கள். கைப்பணம் போட்டு அச்சகத்துக்கு உழைக்கும் நம் எழுத்தாளர்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய உதவி. இது இல்லாவிட்டால் நம் நூல்களில் பாதி அச்சேறியே இராது. அதைக் குறைகூற நான் துணியமாட்டேன். என் துக்கம் வேறு. ஒருவர் காலமான பின் அவருடைய வீட்டார் அலமாரியைக் காலிசெய்யும் சமயத்தில் என்னை அழைப்பதுண்டு. நூலாசிரியர் கையொப்பத்தோடு, இருபது வருஷம் ஒரு முறையேனும் விரிக்கப்படாமல், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் நூல்களை அங்கே நான் எடுத்திருக்கிறேன். வாங்கியவர் நல்லவர், எழுதியவர் நல்லவர், இடையிலே, 'இதை நீ படித்துப் பார், பிறகு நாம் பேசுவோம்' என்று சொல்ல ஒரு மனிதர் இல்லாமல் போய்விட்டார்.

அப்படிச் சொல்லுகிறவனுக்குள்ள பொறுப்பு எவ்வளவு என்பதை எனக்குக் கற்பித்தவர் குளுவாங்கில் வாழ்ந்த ஒரு பெரியவர். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993-இல் வெளிவந்திருந்தது. 1942-இலும் 43-இலும் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர், பெரும்பாலும் தமிழர், சயாம் காட்டுக்கு ஏற்றிச் செல்லப்பட்ட கொடுமையைச் சொல்லும் நாவல் அது. பெரியவரின் அண்ணன் அவ்வாறு போனவர், திரும்பாதவர் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் இந்நூலை அவரைவிட ஆவலோடு படிக்கக்கூடியவர் வேறு யார் என்று எண்ணி, என் பிரதியை எடுத்துச் சென்று அவர் கையில் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். புத்தகம் செய்தித்தாளில் சுற்றியபடியே இருந்தது.

"வாத்தியாரே, எங்கண்ணன் போன ரயில நான் கண்ணால பார்த்தவன். அதுல என்னையும் ஏறச் சொல்றீங்களா?" என்றார். கோபம் இல்லை அவர் குரலில். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

நூலை அறிந்திருந்தேன், நூல் சொல்லும் சரித்திரத்தை அறிந்திருந்தேன், அந்த மனிதரை மட்டும் அறியாமல் கொடுத்துவிட்டேன். ஏறக்குறைய எட்டு மாதத்திற்குப் பின் அவரே வந்து அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். அவருடைய பேத்தி தேசியப் பள்ளியில் படித்துவந்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. வீட்டில் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, இந்தத் தாத்தா எங்கே போனார் என்று கேட்டாளாம். தம் வாயால் சொல்ல முயன்று முடியாமல்போகவே, இவருக்குப் புத்தகத்தின் ஞாபகம் வந்திருக்கிறது. இரண்டு மாதம் தினமும் இரவில் அவர் அவளுக்கு அதை வாய்விட்டுப் படித்தார். படித்துக்கொண்டே வருகையில் சில இடங்களில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, தாம் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாராம். புத்தகம் திரும்பி வந்தபோது ஓரங்களில் பென்சிலால் சிறு சிறு கோடுகள் இருந்தன. தாம் கண்டதும் நூலில் உள்ளதும் ஒத்துப்போன இடங்கள் என்று விளங்கிக்கொண்டேன். ஒரு பக்கத்தில் மட்டும் கோட்டுக்குப் பதிலாக ஓர் ஆணின் பெயர் எழுதியிருந்தது. நான் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

அன்று முதல் நான் யாருக்கும் நூலின் பெயரை மட்டும் சொல்வதில்லை. முடிந்தவரை நூலையே கொடுக்கிறேன், கொடுப்பதற்கு முன் ஆளைக் கேட்டறிகிறேன். தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் அறியாத இளைஞர் கேட்டால், அகிலன் இங்கு வந்து பார்த்து எழுதிய 'பால்மரக் காட்டினிலே' நாவலில் தொடங்கச் சொல்வேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய எழுத்தாளரின் கருணை அதில் இருக்கிறது. அதிலேயே நின்றுவிட விடமாட்டேன். தோட்டத்து மனிதரின் பேச்சும் மூச்சும் வேண்டுமென்றால், கடாரத்துச் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்க'ளுக்குத்தான் வர வேண்டும். அகிலன் நம்மைப் பார்த்து இரங்குகிறார். முத்துசாமி லயத்துக்குள்ளிருந்தே பேசுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த வாசகர், இலக்கியத்தில் அனுதாபம் வேறு, அனுபவம் வேறு என்பதை எந்த வகுப்புக்கும் போகாமலே தெரிந்துகொள்வார்.

இனி, கூலாய்ச் சகோதரிக்கு என் பதில். இரவெல்லாம் நின்று வேலைசெய்துவிட்டு விடியற்காலையில் பேருந்து ஏறும் உங்களுக்குச் சிங்காரத்தை நான் இப்பொழுது கொடுக்கமாட்டேன். அந்த நாவல் ஓய்வையும் இரண்டு மூன்று மாதத்தையும் கேட்பது. சை. பீர்முகம்மது தொகுத்த 'வேரும் வாழ்வும்' என்ற மலேசியச் சிறுகதைத் தொகுப்பின் முதற்பகுதியை நேற்றுக் குளுவாங் அஞ்சலகத்தில் உங்கள் பெயருக்குப் பதிவு செய்திருக்கிறேன். ஒவ்வொரு கதையும் ஒவ்வொருவர் எழுதியது. ஒரு பயணத்திற்கு ஒரு கதை போதும். முதற்பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. பிடிக்காத கதையைப் பாதியில் விட்டுவிடுங்கள். ஏன் பிடிக்கவில்லை என்பதை மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அந்த வரி எனக்கு மிகவும் அவசியம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால், கதையைச் சொல்லிவிடாதீர்கள்; புத்தகத்தை அவர் கையில் கொடுத்து இரண்டு பக்கம் படிக்க விடுங்கள்.

பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய ஒன்பது பெயர்களும் ஊர்களும் இருக்கும்; ரெங்கம், லாபிஸ், சிகாமட், மூவார், பத்து பகாட் என்று அது சுற்றி வந்திருக்கிறது. நான்காம் பெயருக்கு நேரே உள்ள கறை மூவார்க்காரர் வீட்டுத் தேநீர். அவர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார், அதையும் உள்ளேயே வைத்திருக்கிறேன். பத்தாவதாக உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். சிம்பாங் ரெங்கத்தில் கண் அறுவை சிகிச்சை முடிந்து, மீண்டும் படிக்கலாம் என்று மருத்துவர் சொல்லும் நாளை எதிர்பார்த்துக்கொண்டு ஓர் ஐயா இருக்கிறார்; அவருடைய முகவரியைத் தனித் தாளில் எழுதி அதே பக்கத்தில் செருகியிருக்கிறேன்.

(தொடரும்)