மூலக் கட்டி தெரியாத கழுத்துப் புற்றுக்கு நிலை குறிப்பது எப்படி?

கழுத்து நெறிக்கட்டியில் புற்றுச்செல்கள் இருக்கின்றன. வாய், தொண்டை, மூக்கின் பின்புறம் எங்கு தேடியும் மூலக் கட்டி அகப்படவில்லை. மருத்துவர்கள் 'டி0' என்று எழுதுவார்கள். பிறகு நோயின் நிலையை எப்படிக் கணிப்பது?

நெறிக்கட்டியின் திசுவே வழிகாட்டுகிறது. அதில் பி16 புரதம் மிகுந்திருந்தால் அது ஹெச்பிவி வைரஸின் அடையாளம். மூலம் பெரும்பாலும் டான்சில் அல்லது அடிநாக்கு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தென்பட்டால் மூக்கின் பின்புறத் தொண்டை. அந்தந்த இடத்துக்கான விதிப்படியே நிலை குறிப்பார்கள். இரண்டும் இல்லையா? கட்டியின் அளவு, எண்ணிக்கை, பக்கம், உறையை உடைத்து வெளியேறியதா என்பவற்றை வைத்தே கணக்கு.

2018இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த, புற்று நிலை குறிக்கும் கையேட்டின் எட்டாம் பதிப்பு விதிகள் இவை. வேறுபாடு பெரிது: ஒரு பக்கத்தில் உறை உடையாத 4 செ.மீ. நெறிக்கட்டி ஒன்று, வைரஸ் இல்லையெனில் '4ஏ' நிலை. பி16 மிகுந்திருந்தால் முதல் நிலை! ஹெச்பிவி புற்று சிகிச்சைக்கு நன்றாக இணங்குவதே காரணம். '4ஏ' என்றாலும் கலங்கிவிட வேண்டாம். அதற்கும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் பெரும்பாலும் சிகிச்சை தருகிறார்கள்.