வெயில் இருக்கிறது, மாலைக்கு என்ன வழி?

மதுரையில் மொட்டை மாடிக்கு மவுசு கூடியிருக்கிறது. கே.கே.நகர், அண்ணா நகர், திருநகர், விளாங்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் வத்தலும் வடகமும் காய்ந்த மாடிகளில் இப்போது சோலார் தகடுகள் நிற்கின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ‘பிஎம் சூரிய கர்’ திட்டத்தைக் கொண்டுவந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்த பிறகு வேகம் பிடித்தது. நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் 12 யூனிட். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது தாராளம்.

ஆனால் அந்த 12 யூனிட்டில் பெரும்பகுதி காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிக்குள் வந்துவிடுகிறது. அப்போது பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், பெரியவர்கள் வேலையில். மின்வாரியம் பொருத்தித் தரும் இருவழி மீட்டரின் திரையில் இரண்டு எண்கள் மாறி மாறி வரும். ஒன்று வீடு வாரியத்திடம் வாங்கியது, மற்றொன்று வாரியத்துக்குக் கொடுத்தது. பில் போடும்போது ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடுவதால், பகலில் கொடுத்ததையே இரவில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அந்த மின்சாரம் எங்கும் காத்திருப்பதில்லை. நம் மாடியில் விளைந்தது அந்த நொடியிலேயே பக்கத்துத் தெருவில் செலவாகியிருக்கும். இரவு நாம் போடும் ஏ.சி.க்கு வேறெங்கோ ஓர் இயந்திரம் சுழன்றாக வேண்டும்.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் புதுத் தொழில்நுட்பம் என்று ஏதேனும் செய்தி வந்தால் நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி இதுதான்: மாலை 6 மணியிலிருந்து இரவு 10.30 வரை இது நமக்கு எந்த வகையில் உதவும்?

கேள்வி பெரிது. தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2-ம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டு, அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. கோடை இரவுகளிலும் புழுக்கம் தணியாததால் ஏ.சி. விடிய விடிய ஓடுகிறது. பகல் தேவைக்குச் சூரியன் கைகொடுக்கும். பொழுது சாய்ந்ததும் தூத்துக்குடியின் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் போன்றவற்றைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வெக்கைக்காக ஏ.சி. போடுகிறோம், அதற்காக நிலக்கரி எரிகிறது, அந்தப் புகையால் வெக்கை இன்னும் ஏறுகிறது.

தகடுகளைப் பற்றியே முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தகட்டின் மேல் 500 வாட் என்று எழுதியிருந்தால், அது தகடு 25 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது அளந்தது. சித்திரை மாதத்து நண்பகலில் மாடியில் உள்ள தகடு 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் விளைச்சல் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அதாவது வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எட்டில் ஒரு பங்கை அந்த வெயிலே தின்றுவிடுகிறது. தளத்தை ஒட்டிப் போடாமல், அடியில் காற்று ஓடும்படி இரும்புச் சட்டத்தில் உயர்த்திப் போடச் சொல்வது இதனால்தான். தூசியைக் கழுவுவதும் விடியற்காலையில் இருக்கட்டும். சுட்டுக்கிடக்கும் கண்ணாடியில் நண்பகலில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட வாய்ப்புண்டு.

ஆய்வகங்களில் இப்போது பரபரப்பாகப் பேசப்படுவது பெரோவ்ஸ்கைட் என்னும் பொருள். இதைச் சிலிக்கான் மேல் மெல்லிய படலமாகப் பூசினால் ஒளியின் நீலப் பகுதியை ஒன்றும் சிவப்புப் பகுதியை மற்றொன்றும் பிடித்துக்கொள்ளும். சிலிக்கான் மட்டும் என்றால் கோட்பாட்டளவிலேயே 29 சதவீதம் சொச்சத்துக்கு மேல் போக முடியாது. இந்த இரட்டை அடுக்கில் சீனாவின் லாஞ்சி நிறுவனம் 2024-ல் 34.6 சதவீதத்தை எட்டியது. பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. பெரும்பாலான வகைகளில் ஈயம் வேறு கலந்திருக்கிறது. சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் 25 ஆண்டுகள் தாங்கும் என்று நிரூபணமாகும் வரை நம் மாடிகளுக்கு அது அவசரமில்லை. அது விளைவிப்பதும் பகல் மின்சாரம்தானே!

பகல் மின்சாரத்தில் நமக்குப் பெரிய குறை இல்லை. மதுரையிலிருந்து தெற்கே போனால் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில், சுமார் 2,500 ஏக்கரில், 25 லட்சம் தகடுகளோடு 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நிற்கிறது. 2016 செப்டம்பரில் முடிந்தபோது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய நிலையம் அதுதான். தகடுகளைத் துடைக்க இயந்திரங்களையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பரப்பில் ஆடு மேய்த்தவர்களும் கூலி வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தகடு விரித்த நிலத்தில் துடைப்பதற்கும் காவலுக்கும் தவிர அவர்களுக்கு வேலை அதிகம் மிஞ்சவில்லை.

ஆக, விளைந்ததைச் சேமிக்கும் குதிர்தான் இல்லை. மின்சாரத்துக்குக் குதிர் கட்ட என்ன வழி?

பழைய வழி மலையில் இருக்கிறது. ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. நூறு நூறு மெகாவாட்டாக நான்கு இயந்திரங்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே உள்ள மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தட்டுப்பாட்டு நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றச் செலவான 100 யூனிட்டுக்கு 75, 80 யூனிட் திரும்பக் கிடைக்கும். கட்டிய காலத்தில் இரவில் மிஞ்சிய மின்சாரத்துக்காக யோசித்தது, இன்று நண்பகல் மின்சாரத்துக்கும் பொருந்துகிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டில் இன்னொன்று கட்டி வருகிறார்கள். 2024-ல் மாநில அரசு இதற்கென்றே தனிக் கொள்கையையும் வெளியிட்டது.

மதுரைக்குத் தண்ணீர் தரும் மலையிலேயே செய்தால் என்ன என்று தோன்றும். முல்லைப் பெரியாறு தண்ணீர் மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்ப் மின் நிலையத்தில் விழுகிறது, வைகை அணையில் மறுபடி ஒரு சிறு நிலையத்தைச் சுழற்றுகிறது, பிறகுதான் மேலூர் வயலுக்கும் நம் குடத்துக்கும் வருகிறது. ஆனால் அது இறங்கி மட்டுமே வரும் தண்ணீர். திருப்பி ஏற்ற வேண்டுமானால் புது நீர்த்தேக்கம் வேண்டும். அந்த மலைப்பகுதியில் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. வைகை ஊறிவரும் காட்டை அழித்து மின்சாரத்தைச் சேமிப்பது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்த வழி பேட்டரி. 2010-ல் ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம் பேட்டரித் தொகுப்பு ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2024-ல் சராசரி விலை 115 டாலர். துணை மின் நிலையத்துக்குப் பக்கத்தில் கன்டெய்னர் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, நண்பகலில் ஏற்றி மாலையில் இறக்குவது உலகம் முழுக்க நடப்பதற்கு இந்த விலைச் சரிவே காரணம்.

இதில் நமக்கு மிக அருகில் ஒரு செய்தி உண்டு. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், ஊர்க்காரர்கள் பேச்சில் ‘சிக்ரி’. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2018-ல் லித்தியம் அயனி பேட்டரி செய்யும் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தம் செய்தது இந்த ஆய்வகம்தான். லித்தியத்துக்கு மாற்றாகச் சோடியம் பேட்டரியிலும் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது.

சோடியத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். அது கடல் உப்பில் இருப்பது, குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். லித்தியம் பேட்டரியில் செம்புத் தகடு வேண்டிய இடத்தில் சோடியத்துக்கு அலுமினியமே போதும். எதிர்மின் முனைக்கு வேண்டிய கடினக் கரியைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் மரத்திலிருந்தும் எடுக்க முடியும். எடை கூடுதல் என்பது அதன் குறை. காருக்கு அது பெரிய குறை. துணை மின் நிலையத்து மூலையில் நகராமல் நிற்கப்போகும் பெட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எந்தக் கனிமத்தில் சேமிக்கிறோம் என்பது மதுரைக்காரர்களுக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. 2024 நவம்பரில் மேலூர் அருகே சுமார் 2,015 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. லித்தியம், கோபால்ட் இருக்கும் அதே ‘முக்கிய கனிமங்கள்’ பட்டியலில்தான் டங்ஸ்டனும் இருக்கிறது. அந்த எல்லைக்குள் அரிட்டாபட்டியும் வந்தது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், தமிழிக் கல்வெட்டும் குடைவரையும் உள்ள மலை. சுரங்கத்தை எதிர்த்துச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை மக்கள் பேரணியாக வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பசுமை ஆற்றலுக்கும் தோண்டி எடுக்கும் கனிமம் வேண்டும், அந்தக் குழி யாருடைய ஊரில் விழும் என்பது எங்கேயாவது ஒரு மேசையில் முடிவாகிறது. அரிதான கனிமம் குறைவாகத் தேவைப்படும் பேட்டரியை நான் ஆதரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றையும் விட்டுவிட முடியாது. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-ல் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை வந்தது. இன்று ஆண்டிபட்டி, கம்பம் பக்கம் போனால் சாலை நெடுக இறக்கைகள் சுழல்கின்றன. வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரை கணவாய்க் காற்று பொழுது சாய்ந்தாலும் நிற்காது, மாலைக் கணக்குக்கு அது பெரிய ஆறுதல். பழைய காற்றாலைகள் பலவும் 225, 250 கிலோவாட் ரகம், உயரம் குறைவு. அதே இடத்தில் இன்றைய 2, 3 மெகாவாட் இயந்திரத்தை உயரமாக நிறுத்தினால் புது நிலம் தேடாமலே விளைச்சல் பல மடங்காகும். இதற்கும் 2024-ல் மாநிலக் கொள்கை வந்திருக்கிறது. கடலுக்குள் காற்றாலை நிறுத்த 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கி, குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 மெகாவாட் என்றது. மன்னார் வளைகுடா மீனவர்களிடம் முதலில் பேசிவிட்டுத்தான் அதில் இறங்க வேண்டும். பசுமை ஹைட்ரஜனைப் பலரும் சேமிப்புக்கு வழி என்கிறார்கள். மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கித் திரும்ப மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினால் அதிகம். உரத் தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் அது பயன்படட்டும், வீட்டு விளக்குக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும்விட மலிவான வழி ஒன்று உண்டு: சேமிக்கத் தேவையே இல்லாத வேலைகளை நண்பகலுக்கு நகர்த்துவது. தண்ணீர் இறைப்பது அப்படிப்பட்ட வேலை. இறைத்த தண்ணீர் வயலிலும் தொட்டியிலும் கிடக்கும், மோட்டார் எந்த நேரத்தில் ஓடியது என்று வாழைக்குத் தெரியப்போவதில்லை.

தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட இலவச விவசாய மின் இணைப்புகள் உள்ளன. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரமும் இரவில் சில மணி நேரமும் முறைவைத்து வருகிறது. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்கும், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைத் தோட்டத்துக்கும் தண்ணீர் பாய்ச்ச ராத்திரியில் டார்ச்சோடு வரப்பில் நடப்பவர்களுக்குப் பாம்பு பயம் நித்தம் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 எச்.பி. மோட்டார் ஒன்றுக்கு 3.7 கிலோவாட். பத்தில் ஒரு மோட்டார், அதாவது 2.3 லட்சம் மோட்டார்கள் இரவு ஓட்டத்தை நண்பகலுக்கு மாற்றினால் சுமார் 850 மெகாவாட் சுமை இடம் மாறும். கடம்பாறையைப் போல இரண்டு கட்டியதற்குச் சமம், ஒரு மரம்கூட வெட்டாமல்.

சோலார் பம்ப்செட்டுக்கு வேளாண் பொறியியல் துறை 60 சதவீத மானியம் தருகிறது, ஆதிதிராவிட, பழங்குடியினச் சிறு குறு விவசாயிகளுக்கு இன்னும் கூடுதல். ஆனால் செலவில்லாத வெயிலில் நாள் முழுக்க மோட்டார் ஓடினால் கிணறு வற்றிப்போகும். குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016-ல் சில விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, பாய்ச்சியது போக மிஞ்சிய சூரிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். மின்சாரம் விற்றுக் காசு வரும்போது தேவைக்கு மேல் தண்ணீர் இறைக்க யாருக்கும் மனம் வராது. பம்ப்செட்டுகளுக்கென்று தனி மின்பாதை பிரித்து, அதன் தலைமாட்டில் சிறு சூரிய மின் நிலையம் அமைக்கவும் மத்திய அரசின் ‘குசும்’ திட்டத்தில் இடம் இருக்கிறது. வாடிப்பட்டி, அலங்காநல்லூர் போன்ற கிணற்றுப் பாசனப் பகுதிகளில் இதைத் தொடங்கலாம்.

பகலில் மும்முனை மின்சாரம் வேண்டும் என்பது விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் பல காலமாக ஒலிக்கும் கோரிக்கை. பகலில் கொடுக்க மின்சாரம் இல்லை என்ற பதிலுக்கு முன்பு அர்த்தம் இருந்தது. இப்போது பகலில்தான் மிஞ்சுகிறது.